மாமாவின் ஏழரை மணிச் சமையல்

வாசலில் பொன்னம்மா அத்தையின் செருப்பு கிடந்தது.

ஒரு வியாழக்கிழமை. மழை விட்டும் ஓட்டிலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. கழக்கூட்டத்தில் ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நின்றபடியே வந்து, கிழக்கேகோட்டையில் இறங்கி எங்கள் சந்துக்குள் நுழைந்திருந்தேன். சமையலறை ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருந்தது. அதையும் மீறி வறுத்த உளுந்தின் மணம் சந்து முழுக்க நின்றது.

பசியில் வந்தவளுக்கு அந்த மணம் போதும், காலில் இருக்கும் வலியெல்லாம் போய்விடும். ஆனால் செருப்பைப் பார்த்ததும் எனக்குப் பசியே மறந்துவிட்டது.

உள்ளே அடுப்பின் முன்னால் நிற்பது என் மாமனார். வந்திருப்பது அவருடைய தங்கை. மறுநாள் அதிகாலையில் பத்மநாபசாமியைக் கும்பிட வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலமே நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது அத்தையின் வழக்கம். அண்ணன் தன் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தாலே, "வீட்டுல பொம்பளையாளு இல்லியா?" என்று கேட்கிறவர். அவர் கண்ணில் கரண்டியும் கையுமாக அண்ணன் பட்டுவிட்டார்.

படி ஏறாமல் அப்படியே நின்றேன். உள்ளே போகும் முன் அந்த வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில்

சாலைக் கடைத்தெருவில் மாமா வைத்திருந்த அரிசி, பருப்பு, உப்பு மொத்தக்கடையைக் கைமாற்றிவிட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்த தோழி ஒருத்தி போனில் கேட்டாள்: "கடை போன பிறகு அவர் என்னதான் செய்கிறார்?" அவள் கேட்டதற்கான பதில்தான் இது.

கடை போன பிறகு கொஞ்ச காலம் அவர் ஒன்றும் செய்யவில்லை. காலையில் பேப்பர், மாலையில் பேப்பரின் மிச்சம். என் மாமியார் தவறிப்போனதிலிருந்து சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றுவது மட்டும் அவர் பொறுப்பு. என் கணவருக்குப் பாலக்காட்டில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் விடியுமுன் ரயிலேறிவிடுவார். மகள் காவ்யா பிளஸ் டூ. பள்ளிக்கூடம், அதற்கு மேல் டியூஷன், அதற்கு மேல் அலுப்பு. ஆக, ராத்திரிச் சமையல் என் தலையில்.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் மேனேஜர் கூப்பிட்டு, கணக்குப் பிரிவின் பொறுப்பு முழுவதையும் என்னிடம் தருவதாகச் சொன்னார். அந்த நாற்காலிக்காகப் பல வருஷம் காத்திருந்தவள் நான். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் அதில் உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். ஒரே சிக்கல், இனி சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையைத் தூக்க முடியாது. வீடு வந்துசேர ஏழரை ஆகும்.

"ஈ ஆழ்ச்ச ஒண்ணு இருந்து நோக்கு. வெள்ளியாழ்ச்சைக்குள்ளே பறயணம், கேட்டோ" என்றார் மேனேஜர். ஒரு வாரம் இருந்து பார், வெள்ளிக்குள் பதில் சொல்.

வீட்டுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டேன். கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன்.

"அப்பாவுக்கு ராத்திரி சாப்பாடு யாரு போடுவா? வேண்டாம்னு சொல்லிரு ஈஸ்வரி. இப்போ இருக்க வேலையே மதி, போதும்" என்றார். வாழ்த்து சொல்வார் என்று நினைத்தவள் மாவுக் கையோடு நின்றேன்.

ஹாலில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. மாமா சமையலறை வாசலுக்கு வந்தார். அந்தப் படியைத் தாண்டி அவர் கால் உள்ளே பட்டு நான் பார்த்ததே இல்லை.

"அவன்கிட்ட என்னத்துக்குக் கேக்க? ராத்திரிச் சாப்பாடுதான? நான் வைக்கேன்" என்றார்.

காவ்யாவுக்குப் புரையேறிவிட்டது.

உருளியில் உப்புமா

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தால், பரணிலிருந்து பெரிய உருளி இறங்கி அடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அம்மன் கோயில் பொங்காலை சமயத்தில் மட்டும் நாங்கள் தொடுகிற பாத்திரம். உள்ளே அரிசி உப்புமா. எங்கள் சந்தில் பாதிப் பேருக்குப் பந்தி வைக்கலாம்.

அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அள்ளிப் பழகியவர். ஆளுக்கொரு பிடி அரிசி என்று நான் சொல்லியிருந்தேன். நான் நினைத்தது என் பிடி. அவர் அள்ளியது கடைப்பிடி. குக்கரில் கொள்ளாமல் போகவே பெரிய பாத்திரத்துக்கு மாற்றி, அதிலும் கொள்ளாமல் கடைசியில் உருளிக்கு வந்திருக்கிறார்.

ஆனால் உதிரி உதிரியாக இருந்தது. தேங்காய் எண்ணெயில் கடுகும் வற்றல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, துவரம்பருப்பை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டிருந்தார். அடியில் கொஞ்சம் பிடித்து அந்தப் பொன்னிறக் காந்தல் வேறு. பார்த்தாலே நாக்கில் நீர் ஊறும்.

வாயில் வைத்தேன். உப்பு இல்லை.

குறைவு என்று சொன்னால் தவறு, அறவே இல்லை. காவ்யா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மாமா தன் தட்டில் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரஷர் இருப்பதால் டாக்டர் அவருக்கு உப்பைத் தடுத்து ரொம்ப நாள் ஆயிற்று. நான் சமைக்கும்போது அவர் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்களுக்கு உப்பு போடுவேன். இனிமேல் எல்லோருக்கும் பத்தியம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு மாமா."

காவ்யா மாங்காய் ஊறுகாய் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஆபீசுக்கு வந்த போன்

புதன்கிழமை சாயங்காலம் ஆபீசில் இருக்கும்போது மாமா கூப்பிட்டார். குரலில் ஒரு பதற்றம்.

"ஏம்மா, அரிசிக்குத் தண்ணி கூடப் பிடிக்கும்னா, எவ்வளவு கூட?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழைய அரிசி வாங்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், "இதுக்குத் தண்ணி கூடப் பிடிக்கும், பாத்துக்கிடுங்க" என்று ஆயுள் முழுக்கச் சொல்லி அனுப்பியவர். அந்தத் தண்ணீரைத் தன் கையால் ஊற்றும் வேளை அன்றுதான் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், கஞ்சி என்றால் காய்ச்சல்காரர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இந்த ஊர் வந்துதான் அது ஒரு முழு ராத்திரிச் சாப்பாடு என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சேச்சி நல்ல உடம்போடு கஞ்சி குடிப்பதைப் பார்த்து, "என்ன செய்யுது?" என்று விசாரித்து மானம் போயிருக்கிறேன்.

மாமாவின் கஞ்சி அருமை. சிவப்பு மட்டை அரிசி லேசில் வேகாது. அதனால் மத்தியானமே ஊற வைத்திருந்தார். சிறுபயறு தனியாக ஊறியது. நான் சொன்ன அளவுக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டையும் குக்கரில் அடுக்கி ஏற்றிவிட்டு, வேகிற நேரத்தில் தேங்காயும் சின்ன உள்ளியும் சுட்ட மிளகாயும் புளியும் வைத்துச் சம்மந்தித் துவையல் அரைத்து, பப்படம் சுட்டு முடித்துவிட்டார். முதல் நாள் உருளியில் முழித்தவரா இவர் என்று இருந்தது.

உப்பு மட்டும் இல்லை. பப்படத்தில் மட்டும் உண்டு, அது செய்கிறவர்களே போட்டு வருவது. காவ்யா பப்படமாகத் தின்று தீர்த்தாள்.

கை கழுவுகிற இடத்தில் என் காதருகே வந்து, "அம்மா, தாத்தாகிட்ட பறயணும். இல்லேன்னா நான் மெலிஞ்சிருவேன்" என்றாள்.

எப்படிச் சொல்வது? அரிசியில் கல் இருக்கிறதென்று யாரோ ஒருவர் வந்து சொன்னதற்காக, அந்த ரக அரிசியையே அதன்பிறகு கடையில் ஏற்றாத மனிதர். ஒரு சொல் போதும், கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். பிறகு திரும்பத் தொடமாட்டார். அவர் கரண்டியை வைத்தால் நான் அந்த நாற்காலியை விட வேண்டும். சொல்லாமல் இருந்தால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தினமும் ஊறுகாயோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. அந்த இரண்டு ராத்திரியும் நான் உள்ளே நுழைந்ததும், "நீ இரி, நான் விளம்புதேன்" என்று தட்டை வைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு யாரும் அப்படிச் சாதம் போட்டதில்லை. உப்பில்லாத அந்தக் கஞ்சியை ஒரு பருக்கை விடாமல் குடித்தேன். சந்தோஷத்தில்தான்.

ஆனால் வியாழக்கிழமை திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். பிள்ளையின் பரீட்சைதான் முக்கியம், நாளைக்கு மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது. அந்த முடிவோடு வந்தவள்தான் வாசலில் அத்தையின் செருப்பைப் பார்த்தேன்.

அத்தை கேட்ட கேள்வி

உள்ளே போனேன். சமையலறை வாசலில் அத்தை இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். உள்ளே மாமா தோளில் துண்டோடு, ஜன்னல் சாத்திய வேக்காட்டில் வியர்த்து வழிந்தபடி துவையலுக்கு எள் வறுத்துக்கொண்டிருந்தார். குக்கர் இறங்கியிருந்தது.

"வா தாயி" என்றார் அத்தை. அந்த 'தாயி'யில் பாசம் ஒரு பொட்டும் இல்லை. "எங்க அண்ணன் கையில கரண்டியக் குடுத்துட்டு நீ ஆபீசுல ஏசியில இருந்துட்டு வாரியாக்கும்?"

"அவ குடுக்கல பொன்னு. நான்தான் எடுத்தேன்" என்றார் மாமா திரும்பாமலே.

"ஆளுக பாத்தா என்ன சொல்லுவாவ?"

"அதுக்குத்தான் ஜன்னலச் சாத்தியிருக்கேன்."

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் கூடியது. "மதினி இருக்கையில ஒரு நாளு இந்தப் பக்கம் எட்டிப் பாத்திருப்பியளா அண்ணே? அவ கையில ஒரு தம்ளர் எடுத்துக் குடுத்திருப்பியளா? மருமவளுக்கு மட்டும் என்ன?"

மாமாவின் கை நின்றது. அடுப்பை அணைத்தார்.

"பாக்கல" என்றார். "அதான் இப்ப நிக்கேன். அவ ஒரு நாளாவது சூடாச் சாப்பிட்டாளான்னு யோசிச்சுப் பாத்தேன் பொன்னு. எனக்குத் தெரியவே இல்ல. அவ சாப்பிட உக்காரும்போது நான் கட்டிலுக்குப் போயிருப்பேன். இந்தப் பிள்ளையாவது சூடாச் சாப்பிடட்டுமே."

நான் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நல்ல பசி. போடுங்க" என்று போய் உட்கார்ந்தார்.

உளுந்தஞ்சோறு. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசியும் பூண்டும் கொஞ்சம் வெந்தயமும் துருவின தேங்காயும் சேர்த்து ஒரே குக்கரில் வைப்பது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மாமா எல்லோருக்கும் விளம்பி, ஓரத்தில் கொஞ்சம் நல்லெண்ணெயும் விட்டார்.

அத்தை ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார். நிமிர்ந்தார்.

"அண்ணே, உப்பு?"

காவ்யா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா மிகச் சாதாரணமாக, "விளக்கு வச்சாச்சுல்லா?" என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அத்தைக்கு விளங்கிவிட்டது. கடையில் விளக்கு வைத்த பிறகு உப்பு கொடுப்பது கிடையாது. வீட்டு லட்சுமியை வெளியே அனுப்புகிற மாதிரி என்பார்கள். அந்தி விளக்கு எரிந்ததும் உப்பு மூட்டையைச் சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள், யார் வந்து கேட்டாலும் காலையில்தான். அந்தப் பழக்கத்தில் ஊறின கை, ஆறரைக்கு விளக்கை ஏற்றிவிட்டுச் சமையலறைக்கு வந்தால் உப்பு ஜாடிப் பக்கம் எப்படிப் போகும்?

"சவம், அது கடைக்குல்லா அண்ணே! அடுப்புக்கு ஏது?" என்று அத்தை சிரித்த சிரிப்பில் தட்டே குலுங்கியது.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலியே?" என்று மாமா எங்களைக் கேட்டார். "வேணும்னா ஆளாளுக்குப் போட்டுக்கிடுவியன்னு இருந்தேன். கேக்காததுனால, எல்லாரும் பத்தியத்துக்கு வந்துட்டாவன்னு நெனச்சேன்."

"தாத்தா, ஞான் ரெண்டு நாளா ஊறுகாய்லதான் ஜீவிக்கேன்!" என்று காவ்யா கத்தினாள். அவரும் சிரித்துவிட்டார். உப்பு ஜாடி நடுவில் வந்தது. பிசைந்து ஒரு வாய் வைத்தோம். உளுந்தின் கொழகொழப்பும் பூண்டின் இனிப்பும் எள்ளின் லேசான கசப்பும் அப்போதுதான் எழுந்து வந்தன. அத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். இன்றைக்குவரை நான் சாப்பிட்ட உளுந்தஞ்சோற்றிலேயே அதுதான் முதலிடம், என் அம்மா மன்னிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் பையை வைத்ததும் நேராக மேனேஜரிடம் போய்ச் சரி என்று சொன்னேன். பாலக்காட்டுக்குப் போன் செய்யவில்லை.

பகலில் எடுத்து வைப்பது

இப்போது மாமாவின் கை தேறிவிட்டது. ஏழரைக்கு நான் நுழையும்போது தட்டு தயார். எப்படி இவ்வளவு சுருக்காக முடிக்கிறார் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவருக்குச் சமையல் தெரியும் என்பதைவிட, கடை நடத்தத் தெரியும். கடை திறந்த பிறகு சரக்கைத் தேடக் கூடாது என்பார்.

மூன்று மணி வெளிச்சத்திலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். ஊற வேண்டியது ஊறும், தேங்காய் துருவி மூடியிருக்கும், புளி கரைந்திருக்கும். உப்பும் அப்போதே ஒரு கிண்ணத்தில் இறங்கிவிடும். விளக்கு வைத்த பிறகு ஜாடியைத் தொடுவதில்லை என்ற பிடிவாதத்தை அவர் விடவில்லை. நாங்களும் விடச் சொல்லவில்லை.

ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து வடித்து, காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் நசுக்கித் தேங்காய் எண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்ளத் தருவார். இன்னொரு நாள் கடையில் வாங்கின காய்ந்த சேவையை வெந்நீரில் போட்டு எடுத்து எலுமிச்சை பிழிவார். காவ்யாவுக்குப் பரீட்சை என்றால் தயிர்ச்சாதத்தில் மாதுளை உதிர்த்துப் போடுவார். அவள், "அடிப்பொளி தாத்தா" என்பாள். மழை கொட்டும் நாளில் மிளகு ரசம், சுட்ட பப்படம், அவ்வளவுதான். எதிலும் இரண்டு பாத்திரத்துக்கு மேல் அழுக்காகாது. நான் சமைத்தால் தொட்டி நிறைந்துவிடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவரிடம் எனக்கு அவ்வளவு பெருமை.

சனிக்கிழமை

அந்த வாரச் சனிக்கிழமை மாலை என் கணவர் பாலக்காட்டு ரயிலில் வந்து சேர்ந்தார். ஆபீசில் சரி சொன்னதை அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நான் அறைக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அவர் கைகால் கழுவி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வழக்கம்போலத் தட்டுக்காகக் காத்திருந்தார். அடுக்களைக்குள்ளிருந்து வந்தது அவர் அப்பா. கையில் அரை மூடித் தேங்காயும் துருவியும்.

"துருவு" என்று முன்னால் வைத்தார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் காவ்யாவைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் துருவ ஆரம்பித்தார்.

"திங்கக்கெழம முதல் ஈஸ்வரிதான் அந்தப் பிரிவுக்குத் தலைமை. சரின்னு சொல்லிட்டா" என்றார் மாமா.

துருவுகிற கை நின்றது.

"அப்போ ராத்திரி சமையல்?" என்றார் என் கணவர், தேங்காயைப் பார்த்தபடியே.

"நான்."

துருவி மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு இழுப்பு போயிருக்கும்.

"சனி, ஞாயிறு?"

"நீ" என்றார் மாமா. "ஓட்டோடு துருவாத. கறுப்பு விழுது பாரு."